ஓட்டத் தெரியாதவளும் ஊர் சுற்றலாம்!

(தலைப்பு: குடும்பத்தோடு ஊர் சுற்றிப் பார்ப்பதில் பெரிதும் மகிழ்ச்சி தருவது சொந்த வண்டியா? பொது வண்டியா? – ‘பொது வண்டியே!’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! என் அணித் தலைவர் அவர்களே! பேசி முடித்துவிட்டு, ‘இந்த அம்மா என்ன சொல்லப் போகுதோ’ என்று பார்த்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! கூடியிருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தாரே! நான் வடமதுரைக்காரி.

வடமதுரை என்று சொன்னதும் சில பேர், ‘கண்ணன் பிறந்த ஊரா?’ என்று கேட்பார்கள். இல்லைங்க. அது வடக்கே இருக்கிற மதுரா. எங்க வடமதுரை, திண்டுக்கல்லிலிருந்து திருச்சிக்குப் போகிற வழியில், சௌந்தரராஜப் பெருமாள் கோயிலும் சுற்றிலும் நூற்பாலைகளுமாக இருக்கிற வடமதுரை. அங்கே கண்ணன் பிறக்கவில்லை. ஆனா வீட்டுக்கு ஒரு கண்ணன் கார் வாங்கி வச்சிருக்கான்! (சிரிப்பு)

எதிரணித் தலைவர் ரொம்ப அழகாகப் பேசினார். “கார் இருந்தா நினைச்ச நேரத்துல கிளம்பலாம், நினைச்ச இடத்துல நிறுத்தலாம்” என்றார். நான் ஒரே ஒரு கேள்வி கேக்குறேன் நடுவர் அவர்களே. யார் நினைச்ச நேரத்துல? யார் நினைச்ச இடத்துல? (கைதட்டல்)

ஓட்டுறவர் நினைச்ச நேரத்துல! ஓட்டுறவர் நினைச்ச இடத்துல! பின் சீட்டுல உட்கார்ந்திருக்கிற நாங்க, “ஏங்க, இங்க கொஞ்சம் நிறுத்துங்களேன், இளநி குடிக்கலாம்”னு சொன்னா, “அடுத்த கடையில நிறுத்துறேன்”னு சொல்லுவாரு. அந்த அடுத்த கடை இதுவரைக்கும் வந்ததே இல்லை! (பலத்த சிரிப்பு)

எங்க வீட்டுலயும் கார் இருக்கு. மாசாமாசம் கடன் கட்டுறோம். கொடைக்கானல் போவோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பிச்சதும், பெரியவன் இடது பக்கமா வாந்தி எடுப்பான். சின்னவ வலது பக்கமா எடுப்பா. நடுவுல நான் பையைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். என் வீட்டுக்காரரு என்ன பார்ப்பாரு? முன்னால போற லாரியோட பின்பக்கத்தைப் பார்ப்பாரு. மேல போனதும் ஏரியைப் பார்க்குறதுக்கு முன்னாடி, கார் நிறுத்த இடம் பார்க்கணும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்லுவாங்களே, அது மாதிரி ஊர் பார்த்தது கால் மணி, இடம் தேடினது முக்கால் மணி!

கூட்டம் தாங்காமத்தானே உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ஆம் தேதியிலிருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் கொண்டுவந்தாங்க? அந்த இ-பாஸ் யாருக்கு? சொந்த வண்டியில, வாடகை வண்டியில போறவங்களுக்கு. அரசுப் பஸ்ஸுல போறவங்களுக்கு வேண்டாம்னுட்டாங்க. நடுவர் அவர்களே, அன்னைக்கே பாதித் தீர்ப்பு எங்க பக்கம் வந்தாச்சு! (கைதட்டல்)

நடுவர்: மீதிப் பாதியை நான் சொல்லணும்மா. நீங்க பேசுங்க.

சரிங்க ஐயா. எதிரணியில் ஒரு தம்பி சொன்னார்: “அமெரிக்காவைப் பாருங்கள்! அங்கே கார் இல்லாத குடும்பம் உண்டா? கார் இல்லாமல் ஊர் சுற்ற முடியுமா?” என்று சவால் விட்டார். அமெரிக்கா பெரிய நாடு. பல ஊர்களில் கார் இல்லாம கடைக்குக் கூடப் போக முடியாது. அதை நான் மறுக்கலை. ஆனா அதே அமெரிக்காவிலேயே பெரிய ஊர் நியூயார்க். அந்த நியூயார்க் நகரத்துல பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்கள்கிட்ட சொந்தக் கார் கிடையாது. நான் பத்திரிகையில படிச்சதை மட்டும் வச்சுச் சொல்லலை. போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்.

என் நாத்தனார் அங்கே குவீன்ஸ் என்ற பகுதியில் குடியிருக்கிறார். 2024 மே மாசம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு. நானு, என் வீட்டுக்காரர், எழுபது வயசு மாமியார், பத்து வயசுப் பையன், அஞ்சு வயசுப் பொண்ணு, ஆக அஞ்சு பேர் கிளம்பிப் போனோம். நாலு பெட்டி. அதுல ஒரு பெட்டி பூரா ஊறுகாயும் வத்தலும் பொடியும்.

விமான நிலையத்துக்கு நாத்தனார் வீட்டுக்காரர் வந்து நிக்கிறாரு. வெறுங்கையோட நிக்கிறாரு. எங்க அத்தை கேட்டாங்க: “மாப்பிள்ளை, கார் எங்கே நிக்குது?” அவர் சொன்னாரு: “கார் இல்லை அத்தை, ரயில்ல போறோம்.”

அத்தைக்கு முகமே மாறிப்போச்சு. என் காதுல வந்து மெதுவாச் சொல்றாங்க: “ஏத்தா, நம்ம பொண்ணைக் கார் கூட இல்லாத இடத்துலயா குடுத்துருக்கோம்? ஊருக்குப் போயி இதை வெளியில சொல்லாத.” (பலத்த சிரிப்பு)

பாருங்க நடுவர் அவர்களே! வடமதுரையில் கார் இல்லைன்னா ‘வசதி பத்தலை’. நியூயார்க்கில் கார் இல்லைன்னா ‘தேவைப்படலை’. இந்த ரெண்டு சொல்லுக்கும் நடுவில்தான் நம்ம ஊர்ல எத்தனையோ குடும்பம் கடனாளியாகுது! (கைதட்டல்)

நாலு பெட்டியையும் உருட்டிக்கிட்டு விமான நிலைய ரயிலில் ஜமைக்கா என்ற ஸ்டேஷன் வந்தோம். அங்கே சுரங்க ரயில் ஏறி, ஜாக்சன் ஹைட்ஸ் என்ற இடத்தில் லிஃப்டில் மேலே வந்து பார்த்தா, எதிரே புடவைக் கடை! பக்கத்துல இனிப்புக் கடை! அத்தை கேட்டாங்க: “விமானம் திரும்ப மதுரைக்கே வந்துருச்சா?” (சிரிப்பு)

இப்போ அந்த ஊர் ரயிலைப் பற்றி நாலு வார்த்தை சொல்லணும். 1904-ஆம் வருஷம் அக்டோபர் 27-ஆம் தேதி அந்தச் சுரங்க ரயில் ஓட ஆரம்பித்தது. டிக்கெட் 5 சென்ட். 1948 வரைக்கும், நாற்பது வருஷத்துக்கு மேலே, அதே 5 சென்ட்தான். பின்னால அந்தச் சுரங்க ரயில் கோனி ஐலண்ட் என்ற கடற்கரைக்கும் போனது. ரயில் போன பிறகு, ஆலைத் தொழிலாளியும், தையல் வேலை பார்க்கிற பெண்ணும், அஞ்சு சென்ட் கொடுத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போனாங்க. குடும்பச் சுற்றுலாவை ஏழைக்குக் கொடுத்தது எது? காரா? ரயில்! (கைதட்டல்)

நாங்களும் போனோம். நாங்க போன 2024-ல் டிக்கெட் 2 டாலர் 90 சென்ட். 2026 ஜனவரியில் 3 டாலர் ஆக்கிட்டாங்க. நம்ம பஸ் மாதிரி ஸ்டேஜ் கணக்கெல்லாம் அங்கே கிடையாது. அடுத்த ஸ்டேஷன்ல இறங்கினாலும் அதே காசு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து கடற்கரைக்குப் போனாலும் அதே காசு. இறங்கி ரெண்டு மணி நேரத்துக்குள்ள பஸ் ஏறினா, அந்தப் பஸ்ஸுக்குத் தனியா காசு கிடையாது. ஆளுக்கு ஒரு அட்டை. அந்த அட்டையால ஏழு நாளுக்குள்ள 12 தடவை போய்ட்டோம்னா, 2024-ல் செலவு 34 டாலரோட நின்னுடுச்சு. அதுக்கு மேல அந்த வாரம் பூரா எத்தனை தடவை ஏறி இறங்கினாலும் சும்மா. அந்த ரகசியம் தெரிஞ்ச பிறகு எங்க பையன் இறங்கவே மாட்டேன்னுட்டான்!

சின்னப் பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. அதுக்கு அங்கே வயசு கேக்க மாட்டாங்க. உயரம்தான் கணக்கு. மூணு அடி எட்டு அங்குலம் வரைக்கும், பெரியவங்க கூட வந்தா இலவசம். நம்ம ஊர்ல என்ன பண்ணுவோம்? பஸ் ஏறும்போதே பிள்ளைக்குப் பாடம் சொல்லுவோம்: “கண்டக்டர் கேட்டா வயசைக் குறைச்சுச் சொல்லு.” அந்தப் பிள்ளை கண்டக்டர்கிட்ட, “எங்க அம்மா குறைச்சுச் சொல்லச் சொன்னாங்க”ன்னு சொல்லும்! (பலத்த சிரிப்பு) அந்த வம்பு அங்கே இல்லை.

அப்புறம் ஒரு கப்பல். ஸ்டேட்டன் ஐலண்டுக்குப் போகிற அந்தக் கப்பலுக்கு 1997-லேர்ந்து டிக்கெட்டே கிடையாது. இருபத்தஞ்சு நிமிஷப் பயணம். ராத்திரி பகலா ஓடுது. போற வழியில சுதந்திர தேவி சிலையைப் பார்த்துக்கிட்டே போகலாம். அத்தை நம்பலை. “காசு வாங்காம கப்பல் ஓட்டுறானா? இறங்கும்போது மொத்தமாப் புடிங்கிக்குவான், பணத்தை எடுத்து வச்சுக்க”ன்னாங்க. இறங்கினோம். யாரும் கேக்கலை. உடனே அத்தை சொன்னாங்க: “அப்ப இன்னொரு தடவை போயிட்டு வருவோம்.” (சிரிப்பு) நடுவர் அவர்களே, ஒரு விவரம். இப்போ அந்தக் கப்பலில் காரை ஏத்த மாட்டாங்க. மனுஷனுக்கு இடம் உண்டு, காருக்கு இடம் இல்லை!

ரூஸ்வெல்ட் ஐலண்ட் என்று ஆத்துக்கு நடுவுல ஒரு தீவு. 1976-லேர்ந்து அதுக்குக் கம்பியில தொங்கிப் போகிற வண்டி ஓடுது. நம்ம பழனி மலை ரோப் கார் மாதிரியே. அதுக்கும் ரயில் டிக்கெட் காசுதான், அதே அட்டைதான். ஏறினதும் அத்தை கண்ணை மூடி, “முருகா!”ன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. பக்கத்துல நின்ன வெள்ளைக்காரப் பெண்ணும் எதுக்குன்னு தெரியாமலே சேர்ந்து கும்பிட்டுச்சு! கார்ல போயிருந்தா பாலத்துமேல போயிருப்போம். முருகனையும் கூப்பிட்டிருக்க மாட்டோம், அந்தப் பெண்ணையும் பார்த்திருக்க மாட்டோம்.

இதெல்லாம் வேடிக்கை. இப்போ நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன்.

போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில், வெள்ளிக்கிழமை. என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். நாத்தனாரும் அவங்க வீட்டுக்காரரும் வேலைக்குப் போயாச்சு. காலையிலயே அத்தை குளிச்சு, திருநீறு பூசி, சேலையை மடிப்பு வச்சுக் கட்டிக்கிட்டு வந்து உட்கார்ந்துட்டாங்க. “வெள்ளிக்கிழமை, அந்தப் பிள்ளையார் கோயிலுக்குப் போகணும்.”

எந்தக் கோயில்? குவீன்ஸிலேயே ஃப்ளஷிங் என்ற இடத்தில் இருக்கிற மகா வல்லப கணபதி கோயில். 1977-ஆம் வருஷம் ஜூலை 4-ஆம் தேதி கும்பாபிஷேகம் நடந்த கோயில். அதை எழுப்பிய சங்கம் 1970-ல் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் முன் நின்றவர் யாரு? நம்ம செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பிறந்து ஐ.நா. சபையில் வேலை பார்த்த டாக்டர் அழகப்ப அழகப்பன். அந்தத் தெருவுக்கே 2022-ல் ‘கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட்’ என்று கூடுதல் பேர் வச்சிருக்காங்க.

படுத்திருந்த என் வீட்டுக்காரர் சொல்றாரு: “நான் வராம நீங்க எப்படிப் போவீங்க? காய்ச்சல் விடட்டும், ஞாயித்துக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன்.”

தாய்மார்களே, இந்த வார்த்தையை நீங்க கேட்டிருக்கீங்களா, இல்லையா? (‘ஆமா, ஆமா’ என்று குரல்கள்) அன்பாகத்தான் சொல்றாங்க. குத்தம் சொல்லலை. ஆனா வடமதுரையில் இருந்திருந்தா, கதை அதோட முடிஞ்சிருக்கும். வாசல்ல கார் நிக்கும், சாவி ஆணியில தொங்கும், சேலை மடிச்சுப் பீரோவுக்குள்ள திரும்பப் போகும். எனக்கு ஓட்டத் தெரியாது. அத்தைக்கும் தெரியாது. ஓட்டுறவருக்குக் காய்ச்சல் வந்தா வீட்டுல எல்லாருக்கும் கால் இல்லை!

ஆனா அங்கே, நடந்து போகிற தூரத்துல ஸ்டேஷன் இருக்கு. நான் சொன்னேன்: “நீங்க மாத்திரையைப் போட்டுத் தூங்குங்க. நாங்க போயிட்டு வர்றோம்.”

கிளம்பினோம். நானு, அத்தை, ரெண்டு பிள்ளைங்க. அந்த ஊர் ரயிலுக்குப் பேர் கிடையாது. எண்ணும் எழுத்தும் கலரும்தான் அடையாளம். கோயிலுக்குப் போறது ஏழாம் நம்பர் வண்டி. நிறம் கத்திரிப்பூ நிறம். எங்க அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிப்பாங்க. ஆனா எண் தெரியும். ஏன் தெரியும்? ஆயுசு பூரா டவுன் பஸ் நம்பர் பார்த்து ஏறின பொம்பளை! (கைதட்டல்) தூரத்துல வண்டி வரும்போதே, “ஏத்தா, கத்திரிப்பூ வருது, ஏழு வருது, வா”ன்னுட்டாங்க.

பையன் ஒரு சந்தேகம் கேட்டான். “அம்மா, நம்ம வண்டியில வட்டத்துக்குள்ள ஏழு போட்டிருக்கு, அந்தப் பக்கம் நிக்காமப் போற வண்டியில சாய்சதுரத்துக்குள்ள ஏழு போட்டிருக்கே, ஏன்?” நான் யோசிக்கிறதுக்குள்ள அத்தை பதில் சொல்லிட்டாங்க: “வட்டம் பாசஞ்சர்டா, எல்லா ஊர்லயும் நிக்கும். மத்தது நம்ம ஊர் ஸ்டேஷன்ல நிக்காமப் போகுமே வைகை எக்ஸ்பிரஸ், அது மாதிரி!” நூத்துக்கு நூறு சரி! (கைதட்டல்)

ஏழாம் நம்பர் வண்டியில ஏறி, ஏழாவது ஸ்டேஷன்ல இறங்கினோம். அதுதான் கடைசி ஸ்டேஷன். தூங்கிப்போனாலும் தப்பிப் போக முடியாது! அங்கேயிருந்து பஸ். ஃப்ளஷிங் பூரா சீனத்து ஜனங்கள். அந்தப் பஸ் எங்க முன்னால வந்து நின்னு, ‘உஸ்’ஸுன்னு காத்தை விட்டு வாசல் பக்கமாச் சாய்ஞ்சு இறங்குது. வயசானவங்க காலைத் தூக்கி வைக்கச் சிரமப்படக் கூடாதுன்னு பஸ்ஸே தாழ்ந்து கொடுக்குது. அத்தை திகைச்சுப் போய்க் கேட்டாங்க: “நமக்காகவா மண்டி போடுது?”

பக்கத்துச் சீட்டுல ஒரு சீனத்துப் பாட்டி. எங்க அத்தை வயசு. நான் டிரைவர்கிட்ட “டெம்பிள், டெம்பிள்”னு கேட்டதை அந்தப் பாட்டி கவனிச்சிருக்கு. அத்தைக்கு ரெண்டு விரலைக் காட்டுச்சு, இன்னும் ரெண்டு ஸ்டாப்புன்னு. அத்தை தலையை ஆட்டிட்டு முட்டியைத் தடவினாங்க. அதைப் பார்த்துட்டு அந்தப் பாட்டியும் தன் முட்டியைத் தடவிக் காட்டிச் சிரிச்சுச்சு. ஒருத்தருக்குச் சீன மொழி, ஒருத்தருக்குத் தமிழ். ரெண்டு பேருக்கும் பொது மொழி முட்டிவலி! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) இறங்கும்போது அந்தப் பாட்டி எங்க பொண்ணு கன்னத்தைத் தட்டி அனுப்பிச்சுச்சு. கண்ணாடியை ஏத்திவிட்ட காருக்குள்ள அந்தப் பாட்டி எப்படி நடுவர் அவர்களே வரும்?

கோயிலில் கும்பிட்டோம். கீழே உணவுக்கூடம் இருக்கு. தோசை சாப்பிட்டோம். திரும்ப வண்டி ஏறினோம். ஜன்னல் ஓரத்துல அத்தை உட்கார்ந்திருந்தாங்க. ரெண்டு ஸ்டேஷன் வரைக்கும் பேசலை. அப்புறம் என் பக்கம் திரும்பிச் சொன்னாங்க:

“இத்தனை வருஷத்துல நான் ஒரு இடத்துக்குப் போகணும்னு நினைச்சு, நினைச்ச அன்னைக்கே போனது இன்னைக்குத்தான்.”

(அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே! எழுபது வயசு. கொள்ளுப் பாட்டியாகப் போற வயசு. எங்க மாமா நல்ல மனுஷன், பிள்ளைங்க தங்கமான பிள்ளைங்க. எல்லாரும் கூட்டிக்கிட்டுப் போயிருக்காங்க. காசிக்குக் கூடக் கூட்டிக்கிட்டுப் போயிருக்காங்க. ஆனா, ‘கூட்டிக்கிட்டுப் போறது’ வேற, ‘போறது’ வேற! (நீண்ட கைதட்டல்)

இந்த அரங்கத்துல இருக்கிற தாய்மார்களை ஒண்ணு கேக்குறேன். உங்கள்ல கார் ஓட்டத் தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்க. (சில கைகள் உயர்கின்றன) சந்தோஷம். இன்னும் நிறையப் பேர் கத்துக்கணும். நானும் கத்துக்கத்தான் போறேன். சரி, பஸ் ஏறத் தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்க. (அரங்கம் முழுவதும் கைகள்) பார்த்துக்கங்க நடுவர் அவர்களே! எதிரணியோட மகிழ்ச்சி அந்தச் சில கைகளுக்குச் சொந்தம். எங்க அணியோட மகிழ்ச்சி இத்தனை கைக்கும் சொந்தம்!

எதிரணிச் சகோதரி ஒரு நியாயமான கேள்வி கேட்டாங்க. “வயசானவங்களைப் படிக்கட்டுல ஏத்தி இறக்க முடியுமா?” நியாயம். நாங்க போனப்ப நியூயார்க்கிலேயே 472 ஸ்டேஷனில் மூணில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான் லிஃப்ட் வசதியோட முழுசாப் போய்வர முடிஞ்சது. இல்லாத இடத்துக்கு நாங்க பஸ்ஸில் போனோம். ஆனா அந்த ஊர் ஜனங்க, ‘படி இருக்கு, அதனால எல்லாரும் கார் வாங்குங்க’ன்னு சொல்லலை. மாற்றுத்திறனாளிகள் கோர்ட்டுக்குப் போனாங்க. அதன் பலனா 2022-ல் ஒரு உடன்பாடு வந்தது. 2055-க்குள்ள நூத்துக்கு 95 ஸ்டேஷனில் வசதி செய்து தரணும் என்று. மெதுவாத்தான் வரும். ஆனா வந்தா எல்லாருக்கும் வரும்.

இன்னொரு தம்பி கேட்டாரு: “பஸ்ஸே வராத கிராமத்துல என்ன பண்ணுவீங்க? நடுராத்திரி பிரசவ வலி வந்தா பஸ் ஸ்டாண்டுல போய் நிப்பீங்களா?” தம்பி, ஆபத்துக்கு வண்டி வேணும். நான் மறுக்கலை. ஆனா இன்னைக்குத் தலைப்பு ஆஸ்பத்திரி இல்லை, ஊர் சுத்துறது! பஸ் வராத ஊருக்குக் காரு ஒண்ணுதான் கதின்னா, அது காரோட பெருமை இல்லை, பஸ் வராததோட குறை! அந்தக் குறையைத் தீர்க்கக் கேக்கணும். (கைதட்டல்)

நம்ம கிட்ட இல்லாததா நடுவர் அவர்களே? மதராஸ்ல 1895-லேயே மின்சார டிராம் ஓடுச்சு. 1953-ல நிறுத்தினாங்க. கடற்கரையிலேர்ந்து தாம்பரத்துக்கு 1931-லேயே மின்சார ரயில் வந்தாச்சு. 1995-ல் பறக்கும் ரயில், 2015-ல் மெட்ரோ ரயில். எங்க திண்டுக்கல் பஸ்ஸுல ‘ராணி மங்கம்மாள்’னு ஒரு அரசியோட பேரையே எழுதி வச்சிருந்தாங்க. 1997-ல்தான் அந்தப் பேர்களை எல்லாம் எடுத்தாங்க. ஒரு ராணி பேர் போட்ட பஸ்ஸுல ஏறி வளர்ந்தவ நான்! அதுல ஏறினா அந்தஸ்து குறையுமா?

நியூயார்க் போக எல்லாராலும் முடியாது. எங்களுக்கும் நாத்தனார் இருந்ததால முடிஞ்சது. ஆனா சென்னைக்குப் போகலாமே! போன 2025 கோடை லீவுல, என் வீட்டுக்காரருக்கு ஆலையில லீவு கிடைக்கலை. நாங்க காத்துக்கிட்டு இருக்கலை. திண்டுக்கல்லில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினோம். பறக்கும் ரயிலில் திருமயிலை போய்க் கபாலீஸ்வரரைக் கும்பிட்டோம். சேப்பாக்கத்தில் இறங்கி மெரினாவுக்கு நடந்தோம். மெட்ரோவில் கிண்டி போய்ச் சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் பார்த்தோம். வழி கேட்டு முன்னால போனது யார் தெரியுமா? எங்க அத்தை! “நியூயார்க்கையே பார்த்துட்டேன், இது என்ன?”ன்னு! (சிரிப்பு) ஊருக்குத் திரும்பினதும் அத்தை மகளுக்குப் போன் போட்டாங்க. “ஏத்தா, நீ கார் வாங்கவே வாங்காத. நல்லாத்தான் இருக்கீங்க”ன்னு சொன்னாங்க. வெளியில சொல்லாதேன்னு என் காதுல ரகசியம் பேசின அதே அத்தை!

நடுவர்: அம்மா, மணி அடிச்சாச்சு.

முடிச்சுடுறேன் ஐயா. 2021 மே மாசம் நம்ம தமிழ்நாட்டுல சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுல பெண்களுக்கு டிக்கெட் வேண்டாம்னு ஆச்சு. அதை ‘ஓசி’ன்னு சில பேர் கேலி பண்ணினாங்க. மிச்சமானது பத்து ரூபா இருபது ரூபா மட்டுமா? “காசு குடுங்க, அம்மா வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்”னு ஒருத்தர்கிட்ட கேட்டு நிக்கிற அந்த அஞ்சு நிமிஷம் மிச்சம்! அந்த அஞ்சு நிமிஷத்தோட கனம் தெரிஞ்சவங்க இந்த அரங்கத்துல நிறையப் பேர் இருக்கீங்க. (நீண்ட கைதட்டல்)

குடும்பச் சுற்றுலான்னா குடும்பத்துல இருக்கிற எல்லாருக்கும் அது சுற்றுலாவா இருக்கணும். ஓட்டுறவர் ரோட்டைப் பார்க்க, மத்தவங்க அவர் முகத்தைப் பார்க்க, அப்படிப் போறது சுற்றுலா இல்லை. அப்பாவும் ஜன்னல் ஓரத்துல உட்காரணும், பாட்டியும் வழி சொல்லணும், பிள்ளையும் ஸ்டேஷன் எண்ணணும், அம்மாவும், “நீங்க தூங்குங்க, நாங்க போயிட்டு வர்றோம்”னு சொல்லணும். அதைத் தருவது பொது வண்டி. ஆகவே, குடும்பத்தோடு ஊர் சுற்றுவதில் பெரிதும் மகிழ்ச்சி தருவது பொது வண்டியே, பொது வண்டியே என்று தீர்ப்பளிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். திண்டுக்கல் பஸ்ஸுக்கு நேரமாச்சு ஐயா.

(பலத்த கைதட்டல்)